ஊர் நம்பிய விசுவாசி

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவர் ஒருவர்)

திருச்சிராப்பள்ளி என்றவுடன் மலைக்கோட்டையும், காவிரியும், அரங்கன் பள்ளிகொண்ட ஆலயமும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்திற்கு அருகில், 1766-ஆம் ஆண்டு முதல் ஒரு தேவாலயம் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறது. கிறிஸ்து ஆலயம் என்பது அதன் பெயர். துணி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் அவ்வழியே நாள்தோறும் செல்வோருள், அதைக் கட்டியவர் யாரென்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதைக் கட்டிய கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்பவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லேன். நகரின் தென்பகுதியாகிய கே.கே. நகரில் வாழ்பவன். எங்கள் தெருவில் மும்மதத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கிறோம். பண்டிகை நாள்களில் பலகாரத் தட்டுகள் வீடு மாறிச் செல்லும். ஆயினும் ஒருவர் கோயிலுக்குள் மற்றவர் செல்வது அரிது. அவரவர் வேதத்தை மற்றவர் படிப்பதும் அரிது. அப்படியானால் அண்டை வீட்டுக் கிறித்தவரின் சமய நம்பிக்கையை என்னைப் போன்றவன் எதைக் கொண்டு அறிவது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நான் காண்பதில்லை. திங்கள் முதல் சனி வரை அவர் வாழும் வாழ்க்கையை மட்டுமே காண்கிறேன். இந்த வினா என் மனத்தில் இருந்ததனால்தான், வரலாற்று மாணவனாகிய நான் சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வை ஆவலுடன் படித்தேன்.

தமிழில் நம்பிக்கை என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. கடவுளை நம்புவதும் நம்பிக்கை. பிறர் நம்மை நம்பும்படி நடப்பதும் நம்பிக்கை. விசுவாசம் என்ற சொல்லும் அத்தகையதே. தேவாலயத்தில் அது இறைப்பற்று. வீட்டிலும் தொழிலிலும் அது சொன்ன சொல் தவறாத உண்மை. இவ்விரு பொருளும் ஒரே மனிதரிடம் ஒன்றுபட்டு நின்ற காட்சியைத்தான் சுவார்ட்ஸ் ஐயரின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

பிறப்பும் பயிற்சியும்

சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பிரஷ்ய நாட்டுச் சோன்னன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். மகனை இறைபணிக்கு நேர்ந்துவிட்டதாகக் கணவரிடம் கூறிவிட்டே அத்தாய் கண்மூடினார் என்பர்.

இருபதாம் வயதில் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நகரம் அக்காலத்தில் ஒரு புதிய சமய எழுச்சியின் நிலைக்களமாக விளங்கியது. பிராங்கே என்னும் பேராசிரியர் அங்கு அநாதைக் குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நிறுவியிருந்தார். கோட்பாட்டை வாயால் ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. உள்ளம் மாற வேண்டும், மாறிய உள்ளம் செயலில் தெரிய வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் அடிநாதம். அதே வேளையில், நற்செயல்களைச் செய்து அவற்றை விலையாகக் கொடுத்து மனிதன் மீட்பை வாங்க முடியாது என்பதும் அவர்கள் கொள்கை. மீட்பு இறைவன் கிறிஸ்துவின் வழியாகத் தரும் கொடை. நற்செயல் அக்கொடையைப் பெற்றவன் காட்டும் நன்றி. மரம் வேரூன்றிய பின்னரே கனி தருகிறது. கனியைக் கட்டித் தொங்கவிட்டு எவரும் மரத்தை உண்டாக்குவதில்லை. விசுவாசத்திற்கும் செயலுக்கும் உள்ள உறவை நான் இவ்வாறே விளங்கிக்கொண்டேன்.

ஹாலேயில்தான் அவருக்குத் தமிழோடு முதல் உறவு ஏற்பட்டது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவுக்குப் பின் அங்குப் பணியாற்றித் தாயகம் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு என்பவரிடம் அவர் தமிழ் பயின்றார். இந்தியாவுக்குச் செல்லும் எண்ணம் எழுந்தபோது தந்தையிடம் இசைவு கேட்டார். தந்தை தனியறையில் இருந்து சிந்தித்து, மூன்றாம் நாள் வெளியே வந்து வாழ்த்தி விடை கொடுத்தார். குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தோருக்கே விட்டுக் கொடுத்துவிட்டுச் சுவார்ட்ஸ் கப்பலேறினார். 1750-இல் தரங்கம்பாடியை அடைந்தார். வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்தார். தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சிக்கு வந்த ஐயர்

1762-ஆம் ஆண்டு கால்நடையாகவே தஞ்சைக்கும் திருச்சிக்கும் வந்தார். அக்காலத் திருச்சி போர்முனை நகரம். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி ஒருபுறம், ஆங்கிலக் கம்பெனியின் படை ஒருபுறம் என்று கோட்டைக்குள் எப்போதும் பரபரப்பு நிலவியது. அந்நிலையில் 1763-இல் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. பலர் மாண்டனர், அவர்தம் பிள்ளைகள் திக்கற்றுத் தெருவில் நின்றனர்.

சுவார்ட்ஸ் ஐயர் முதலில் கட்டியது தேவாலயம் அன்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அக்குழந்தைகளுக்கென ஒரு பள்ளியையே முதலில் தொடங்கினார். பிஷப் ஹீபர் பள்ளி தன் தொடக்கத்தை அந்தச் சிறு பள்ளியிலிருந்தே கணக்கிட்டுக் கொள்கிறது. ஹாலேயில் கண்ட அநாதை இல்லம் காவிரிக்கரையில் மறுபிறவி எடுத்தது எனலாம். தெப்பக்குளத்தருகே உள்ள கிறிஸ்து ஆலயம் 1766-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள்தான் திறந்து வைக்கப்பட்டது.

அவருடைய அன்றாட வாழ்க்கை எவ்வாறு இருந்தது? வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. ஒரு கட்டிலும் அவரும் இருக்க மட்டுமே இடம். நிமிர்ந்து நிற்பதே கடினம். உணவு நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடை கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. இவ்வாறு வாழ்ந்ததனால் ஆண்டுக்கு ஐம்பது பவுனுக்குள் அவர் செலவு அடங்கிவிட்டது.

பின்னர்க் கோட்டைப் படையினருக்கு மதகுருவாகக் கம்பெனி அவரை நியமித்து, ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் அளித்தது. வருமானம் உயர்ந்தால் வாழ்க்கை வசதியும் உயர்வதுதான் உலக வழக்கம். ஐயரோ பாதியைச் சபையின் தேவைக்கே ஒதுக்கிவிட்டார். கட்டிலும் சோறும் கறுப்புத் துணியும் பழையபடியே இருந்தன. வணிகத்திற்கென வந்த கம்பெனி ஊழியர் பலர் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வர்களாகித் தாயகம் திரும்பிய காலம் அது என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

அவருடைய ஒவ்வொரு நாளும் ஒரு ஒழுங்கிற்கு உட்பட்டிருந்தது. காலையில் உபதேசியார்களைக் கூட்டிச் செபம் செய்வார். வேதப்பகுதி ஒன்றை விளக்குவார். பின்னர் அவர்களைச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்புவார். பகலில் பள்ளி, நோயாளர், தம்மை நாடி வருவோரின் வழக்கு என்று பொழுது கழியும். மாலையில் உபதேசியார்கள் திரும்பி வந்து கண்டதையும் கேட்டதையும் சொல்வர். மீண்டும் செபம். இதில் வியப்பூட்டும் அற்புதம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் அன்று, ஒரு மாதம் அன்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இவ்வொழுங்கில் வாழ்வது எளிதா? அன்றாட விசுவாசம் என்பதன் பொருள் இந்த ஓயாத ஒழுங்கில்தான் அடங்கியிருக்கிறது என்று கருதுகின்றேன்.

இரக்கமுள்ளவர் என்பதனால் கொள்கையில் தளர்ந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. பாளையங்கோட்டையில் ஆங்கில அதிகாரி ஒருவருடன் வாழ்ந்து வந்த அந்தணக் கைம்பெண் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அவர்கள் முறைப்படி மணந்தவர் அல்லர் என்பதால் ஐயர் மறுத்துவிட்டார். அவ்வதிகாரி இறந்தபின் 1778-இல் அவரே அப்பெண்மணிக்கு ஞானஸ்நானம் அளித்தார். குளோரிந்தா என்னும் பெயர் பெற்ற அவ்வம்மையார் 1785-இல் பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயம் எழக் காரணமானார். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு அவரைத் தன் முன்னோடியாகப் போற்றுகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணப் பயணம்

1779-ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் ரம்போல்டு ஒரு வேண்டுகோள் விடுத்தார். மைசூர் மன்னர் ஹைதர் அலியிடம் சென்று, கம்பெனி அமைதியையே விரும்புகிறது என்று தெரிவிக்க வேண்டும் என்பதே அது. ஐயருக்கு இந்துஸ்தானி நன்கு தெரியும். ஆதலால் இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இரத்தம் சிந்தாமல் தடுக்க ஒரு வாய்ப்பு என்று கருதி அவர் இசைந்தார். ஆனால் எவரிடமும் பரிசு பெறுவதில்லை என்று உறுதி பூண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை அருகில் அமர்த்திப் பேசினார்.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் 300 ரூபாய் அளித்தார். மறுப்பது மரியாதைக் குறைவு என்பதால் பெற்றுக்கொண்ட ஐயர், அதைச் சென்னை அரசிடமே ஒப்படைக்க முன்வந்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு கூறியது. அப்பொழுதும் அது அவர் பைக்குள் செல்லவில்லை. தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதுவே முதலாயிற்று.

அமைதி நிலைத்ததா என்றால், இல்லை. அவ்வாண்டிலேயே கம்பெனி மாஹே துறைமுகத்தைக் கைப்பற்றியிருந்தது. ஹைதரின் சினம் வளர்ந்தது. 1780-இல் அவர் படை கர்நாடகப் பகுதியில் புகுந்தது. தூது சொன்ன ஐயரின் வாய் உண்மையானது. தூது அனுப்பியவர்களின் உள்ளம் அத்தகையதன்று. ஆயினும் ஹைதர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தார். ஊர்கள் எரிந்த அப்போர்க்காலத்திலும், இந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிட வேண்டும் என்று தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார். பகைவனின் பாசறையிலும் செல்லுபடியாகும் நாணயமாக ஒரு மனிதரின் சொல் விளங்கியது என்றால் அது மிகையாகாது.

நெல்லும் சொல்லும்

1778 முதல் ஐயர் தஞ்சையிலேயே தங்கியிருந்தார். போர் வந்தது, பின்னாலேயே பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் படையினரும் மக்களும் உணவின்றி வாடினர். சோழவள நாட்டில் நெல் இல்லாமல் இல்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. வண்டி மாடுகளும் இருந்தன. ஆனால் கொண்டுவர எவரும் முன்வரவில்லை. ஏனெனில் முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலியும் கிடைக்கவில்லை, விலையும் கிடைக்கவில்லை. அரசரின் ஆணையையும் அவர்கள் நம்பவில்லை. கம்பெனியின் ஆணையையும் நம்பவில்லை.

அப்போது அரசர் தரப்பிலிருந்து ஐயரை வேண்டிக்கொண்டனர். தாமே பணம் தருவதாக ஐயர் ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கொண்டுவந்தோர் அனைவருக்கும் உரிய பணம் தவறாது கொடுக்கப்பட்டது. கோட்டை பிழைத்தது. முன்னரே நெல் மலிவாக விற்ற காலத்தில் வாங்கிச் சேர்த்திருந்ததைக் கொண்டு அவர் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததும் இக்காலத்திலேதான்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. வரிக்கொடுமை தாங்காமல் தஞ்சை உழவர்கள் பல்லாயிரவர் நிலத்தை விட்டு ஓடிவிட்டனர். திரும்பி வந்தால் நீதி செய்வதாக அரசர் அறிவித்தும் பயனில்லை. ஐயர் உறுதியளித்த பின்னரே அவர்கள் திரும்பினர். ஒரே நாளில் ஏறத்தாழ 7,000 பேர் வந்தனர் என்று அவரே குறித்திருக்கிறார். பருவம் தவறிப் போயிருந்தும் இரவு பகல் பாராது உழுது நடவு செய்தனர்.

நண்பர்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். மாடு ஓட்டி வந்த அந்த உழவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். மீட்பைப் பற்றி ஐயர் செய்த பிரசங்கத்தை அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். கேட்டிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் கூலி தருவேன் என்று அவர் சொன்னதை ஏற்றார்கள். அவர்கள் படித்த வேதப்புத்தகம் அவருடைய முப்பதாண்டு வாழ்க்கை ஒன்றே.

அடைக்கலப் பிள்ளை

தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல் மரணப் படுக்கையில் இருந்தார். தாம் சுவீகாரம் எடுத்திருந்த, பத்து வயதும் நிரம்பாத சரபோஜியை ஐயரின் கையில் ஒப்படைத்துக் காக்குமாறு வேண்டினார். அதிகாரத்தை விரும்பியவராயின் இதைவிட நல்ல வாய்ப்பு வேறேது? ஐயரோ, அரண்மனைக்குள் இருக்கும் குழந்தையைத் தம்மால் காக்க இயலாது என்று கூறி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் பொறுப்பளிக்குமாறு யோசனை சொன்னார்.

அந்த யோசனை நன்மையாக முடியவில்லை. கம்பெனி சுவீகாரத்தை ஏற்காமல் அமர்சிங்கையே அரியணையில் அமர்த்தியது. சிறுவன் அடைபட்டுக் கல்வியின்றித் துன்புற்றான். ஐயர் அத்துடன் கைகழுவி விடவில்லை. சென்னை அரசுக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். தம் முந்திய கருத்தையும் மாற்றிக்கொண்டார். 1793-இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்குக் கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் கல்வி பெற்றார். உரிமையை நிலைநாட்டும் முயற்சியும் தொடர்ந்தது. 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணச் சுவார்ட்ஸ் ஐயர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், அவர் தஞ்சையில் இறைவனடி சேர்ந்துவிட்டார். சரபோஜி கண்ணீர் மல்க உடல்மீது பொன்னாடை போர்த்தி, கல்லறை வரை உடன் சென்றார்.

சரபோஜி மன்னர் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த புகழாளர் என்பதை யாவரும் அறிவோம். அவர் இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்தார். தாம் வளர்த்த பிள்ளை தம் சமயத்தைத் தழுவவில்லையே என்பதற்காக ஐயர் அன்பைக் குறைத்ததும் இல்லை. சமயம் மாறாத மன்னர் நன்றியைக் குறைத்ததும் இல்லை. ஜான் பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் மன்னர் வைத்தார். மரணப் படுக்கையில் ஐயர் கிடக்க, மன்னர் அருகில் நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஓர் இந்து மன்னர் ஒரு கிறித்தவப் போதகருக்கு எழுப்பிய அச்சின்னம், நம் மண்ணின் சமயப் பொறைக்கும் ஒரு சான்றாகும்.

நிறையும் குறையும்

பெரியோர் வரலாற்றை எழுதும்போது அவர்களைக் குறையே இல்லாத தெய்வங்களாக்கி விடுவது எளிது. அது வரலாறு ஆகாது. ஐயர் கம்பெனியிடம் ஊதியம் பெற்றவர். நாட்டைச் சிறிது சிறிதாக விழுங்கிவந்த அக்கம்பெனி அவருடைய நல்ல பெயரைத் தன் நலனுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் காலத்துச் சபைகளில் சாதி வேற்றுமையும் ஒழியவில்லை. தேவாலயத்திற்குள்ளேயே தனித்தனியே அமரும் வழக்கம் நீடித்தது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் அதை நீக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இறைவன் முன் யாவரும் சமம் என்னும் விசுவாசம், பக்கத்து இருக்கையில் யார் அமர்கிறார் என்ற இடத்தில் சோதிக்கப்பட்டது. அச்சோதனையில் பலர் தோற்றனர். அன்றாட விசுவாசம் எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவும் ஒரு பாடமே.

முடிவுரை

கடவுளை முழுமனத்தோடு நேசி, பிறனையும் உன்னைப் போலவே நேசி என்பதே கிறித்தவ அறத்தின் சாரம் என்று நான் படித்தறிந்தேன். இவற்றுள் முதலாவது, கண்ணுக்குத் தெரியாத உறவு. அது உண்டா இல்லையா என்பதைப் பிறர் அறிய ஒரே வழி இரண்டாவதுதான். சுவார்ட்ஸ் ஐயரிடம் பணம் கொடுத்தவர்கள் அது உரிய இடத்தில் சேரும் என்று நம்பினர். நெல் கொடுத்தவர்கள் விலை கிடைக்கும் என்று நம்பினர். சாகும் தறுவாயிலிருந்த மன்னர் தம் பிள்ளையையே நம்பி ஒப்படைத்தார். அவர் கடவுளை நம்பினார் என்பதற்கு இவற்றினும் சிறந்த சாட்சி வேறென்ன வேண்டும்?

இக்காலத்தில் நமக்கு 80,000 கலம் நெல்லைத் திரட்டும் வேலை வரப்போவதில்லை. மன்னர் எவரும் நம்மை அழைக்கப் போவதும் இல்லை. ஆனால் அதே சோதனை சிறிய உருவில் நாள்தோறும் நம் வாசலுக்கு வருகிறது. எங்கள் கே.கே. நகரில் ஒரு குடும்பம் வெளியூர் செல்லும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறது? சீட்டுப் பணத்தை யாரிடம் நம்பிக் கட்டுகிறார்கள்? நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்? மேல்பார்வையாளர் முதுகைத் திருப்பிய தேர்வுக்கூடத்தில், கண்ணை நேராக வைத்து எழுதும் மாணவன் யார்? இவ்வினாக்களுக்கு விடையாக ஒருவர் பெயர் சொல்லப்படுமானால், அவர் எந்தச் சமயத்தவராயினும், அவருடைய சமயத்திற்கு அவரைவிடச் சிறந்த பிரசங்கியார் இலர்.

அடுத்த முறை தெப்பக்குளத்துப் பக்கம் செல்லும் நண்பர்கள், கடைவீதியின் இரைச்சலுக்கிடையே சற்று நின்று அப்பழைய தேவாலயத்தைப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். அதன் சுவர்களினும் உறுதியாக நின்றது, அதைக் கட்டியவரின் சொல்.